தண்டவாளத்துக்குக் கிழக்கும் மேற்கும்

மும்பையில் வீடு தேடிய தமிழர் – 11

மாட்டுங்காவிலிருந்து சயானுக்கு மத்திய ரயில்பாதையில் வண்டி போகும்போது இரண்டு பக்கமும் தமிழர்தான். கிழக்கே கிங்ஸ் சர்க்கிள், பூக்கடைகள், காபித்தூள் அரைக்கும் வாசனை, மூன்று மாடிக் கட்டடங்கள். மேற்கே தாராவி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த ஊருக்கு வந்தவைதான். ஒரு கூட்டம் குடியிருந்த மனைக்குக் குத்தகைப் பத்திரம் இருந்தது. இன்னொன்றுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

சாதி, படிப்பு, உத்தியோகம் என்று காரணம் சொல்வார்கள். அவை எல்லாம் உண்மையே. ஆனால் வீட்டின் வரலாற்றை எழுதும்போது இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும்: சாக்கடைக் குழாய். தண்டவாளத்துக்குக் கிழக்கே அது வீட்டுக்கு முன்னால் வந்தது. மேற்கே வீடு வந்து பல தலைமுறை கழித்து வந்தது. சில சந்துகளில் இன்னும் வந்து சேரவில்லை.

1896இல் பிளேக் வந்ததையும் நகரம் காலியானதையும் முன்பே பார்த்தோம். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 1898இன் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட். நெரிசலான பேட்டைகளை இடித்துக் காற்றோட்டமான சாலை போடுவது, வடக்கே வெற்று நிலத்தை வாங்கி நகரத்தை நீட்டுவது என்று அதற்கு இரண்டு வேலை. முதல் வேலையில் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் பிரின்சஸ் தெருவும் கிடைத்தன. அங்கே குடியிருந்த கூலிக்காரர்கள் பக்கத்துச் சந்துகளில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டார்கள். டிரஸ்ட் இடித்த அறைகள் அதிகம், கட்டிக் கொடுத்தவை குறைவு. ஏழைக்கு வந்த நோயைச் சாக்காக வைத்துத் தொடங்கிய அமைப்பு, ஏழையை வெளியே தள்ளித்தான் தன் கணக்கைத் திறந்தது.

இரண்டாவது வேலையில் விளைந்தது மாட்டுங்கா. தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்து வயலையும் தோப்பையும் டிரஸ்ட் சட்டப்படி கையகப்படுத்தி, மேடுபடுத்தி, சாலையும் குழாயும் போட்டு, மனை பிரித்து நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. கட்டடத்தை அது கட்டவில்லை. யார் கட்டினாலும் எப்படிக் கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னது. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஆர் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்: அறுபத்து மூன்றரை பாகை. அறையின் அடியிலிருந்து அந்தக் கோணத்தில் வானம் தெரிய வேண்டும். நடைமுறையில், எதிரே நிற்கும் சுவரின் உயரத்தில் பாதியளவு இடம் நடுவில் காலியாக இருக்க வேண்டும். நாற்பதடிச் சுவருக்கு இருபதடி இடைவெளி. ஐந்து தோட்டங்கள் பக்கம் நடந்தால் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் அந்த இடைவெளி இன்றும் தெரியும். அதில் இப்போது கார் நிற்கிறது.

பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்த குமாஸ்தாக்கள் இந்த மனைகளில் எழுந்த கட்டடங்களில் வாடகைக்கு அமர்ந்தார்கள். குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இருந்த ‘பிளாக்’ அவர்களுக்குப் பெரிய விஷயம். ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்த ‘சால்’ கட்டடத்தில் நடையின் கோடியிலுள்ள பொதுக் கழிப்பறையை நினைத்தே ஊரிலிருந்து மனைவியை அழைத்து வராதவர்கள் அவர்கள். 1923இல் ஆஸ்திக சமாஜம் வந்தது, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது. நடுத்தர வருமானக்காரனுக்குக் கட்டுப்படியாகும் வீட்டை ஓர் உள்ளாட்சி அமைப்பு உண்டாக்க முடியும் என்பதற்கு இந்த ஊரில் இதைவிட நல்ல சான்று இல்லை. அது செய்தது மூன்றே காரியம்: நிலத்தைச் சேர்த்தது, குழாயை முதலில் போட்டது, விதியைத் தெளிவாக எழுதியது.

கூலிக்காரனுக்கு இது கிடைக்கவில்லை. அவனுக்கென்று 1920இல் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் ஒரு வளர்ச்சித் துறையைத் தொடங்கினார். பம்பாய்க்குள் வரும் ஒவ்வொரு பருத்திப் பொதிக்கும் ஒரு ரூபாய் வரி. அந்தப் பணத்தில் ஐம்பதாயிரம் அறைகள் என்பது திட்டம். எழுந்தவை வொர்லி, நாய்காவ், சிவ்ரி, டிலைல் ரோடு ஆகிய இடங்களில் 207 கட்டடங்கள், சுமார் பதினாறாயிரம் அறைகள். ஒவ்வொன்றும் 160 சதுர அடி, இருண்ட கான்கிரீட் பெட்டி. வாடகை கட்டுப்படியாகாமலும் ஆலைக்குத் தூரம் என்றும் தொழிலாளிகள் வராததால் பல அறைகள் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன. பிறகு சட்டமறுப்பு இயக்கக் கைதிகளை அடைக்க வொர்லிச் சால்கள் பயன்பட்டன. அதே பத்தாண்டில் வியன்னா நகராட்சியும் வீட்டுக்கென்று ஒரு வரி போட்டது. ஆடம்பர வீட்டுக்காரர் அதிகம் கட்டும்படி அதை அமைத்து, 1934க்குள் அறுபதாயிரத்துக்கு மேல் வீடுகளைக் கட்டியது. வியன்னாவில் வீடு கேட்டவர்களுக்கு ஓட்டு இருந்தது. பம்பாயில் சாலில் இருந்தவனுக்கு இல்லை.

1947இன் வாடகைச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டு நிலையில் கட்டிப்போட்டது. மாட்டுங்கா குடித்தனக்காரருக்கு அது வரம். பேரன் காலத்திலும் அதே வாடகை. வீடு மாறும்போது ‘பகடி’ என்று ஒரு தொகை கைமாறும். வாடகைக்கென்று புதிதாக யாரும் கட்டடம் கட்டாமல் போனது அதன் மறுபக்கம். ஏற்கெனவே உள்ளே இருந்தவர் தப்பித்தார். அதற்குப் பிறகு ரயிலேறி வந்தவருக்குத் தண்டவாளத்தின் மேற்குப் பக்கம்தான் மிச்சம்.

தாராவி மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சேறு; கோலி மீனவர் ஊர். நாற்றம் பிடித்த தொழில்கள் ஊருக்கு வெளியே போகட்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் கூடங்கள் இங்கே வந்தன. அவற்றில் வேலை தெரிந்த திருநெல்வேலி முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அவற்றின் பின்னால் வந்தார்கள். டிரஸ்ட் கிழக்கே மண் கொட்டி மேடாக்கியதுபோல் மேற்கே கொட்ட யாரும் வரவில்லை. குப்பையும் இடிபாடும் மண்ணும் சுமந்து கொட்டிச் சதுப்பை நிலமாக்கியவர்கள் குடியிருந்தவர்களே. நகரின் மதிப்புமிக்க மனைகளுள் ஒன்றாக இன்று பேசப்படும் அந்த இடத்தின் முதல் முதலீடு அவர்கள் தலைச்சுமை. எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

1950களிலும் 60களிலும் மாநகராட்சிக்குக் குடிசை என்றால் இடிப்புதான் தெரியும். காலையில் லாரியும் போலீசும் வரும், இரவில் அதே கம்பு நட்டு அதே சாக்கு கட்டப்படும். 1971இல் மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. ‘இடிப்பது’ என்பதோடு ‘சீர்படுத்துவது’ என்ற பேச்சும் நுழைந்தது: தண்ணீர்க் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு. 1976 ஜனவரி 4ஆம் தேதி ஒரே நாளில் குடிசைக் கணக்கெடுப்பு நடந்தது. சுமார் 28 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. கணக்கில் வந்த குடும்பத்துக்கு ‘போட்டோ பாஸ்’ கிடைத்தது. தாராவித் தமிழ் வீடுகளில் அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தவர்கள் உண்டு. ரேஷன் கார்டைவிடப் பெரிய காகிதம் அது. உரிமைப் பத்திரம் அல்ல. இடித்தால் மாற்று இடம் கேட்கலாம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே.

அந்த அத்தாட்சி என்ன பெறும் என்பது நான்கே மாதத்தில் செம்பூருக்கு அப்பால் தெரிந்தது.

டிராம்பே பக்கம் ஜனதா காலனி. அங்கிருந்தவர்கள் தாமாக வந்து ஆக்கிரமித்தவர்கள் அல்லர். 1950களின் தொடக்கத்தில் நகருக்குள்ளிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோய் விட்டது அரசு நிர்வாகமே. கால்நூற்றாண்டில் எழுபதாயிரம் பேர் வாழும் ஊரானது. பக்கத்தில் வளர்ந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலிலிருந்து 1960களில் வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். தச்சு வேலை தெரிந்தவர். இடிப்புக்கு முன்பே அவர் ஒரு வேடிக்கை செய்திருந்தார். காலனிக்குக் குப்பை வண்டி வராததால் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து, மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டச் செய்தார். பிறகு குப்பை அகற்றப்பட்டது. நகராட்சியோடு பேசும் முறையை அவர் அங்கே கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்: முதலில் எண்ணிக்கை, அப்புறம்தான் மனு.

நீதிமன்றம், தில்லி என்று அலைந்து பல ஆண்டு இடிப்பைத் தள்ளிப்போட்டார்கள். நெருக்கடிநிலை வந்தது. 1976 மே மாதம் போலீஸ் சூழ நிற்க ஜனதா காலனி தரைமட்டமானது. குடும்பங்களை லாரியில் ஏற்றிச் சதுப்பை ஒட்டிய சீத்தா கேம்பில் இறக்கினார்கள். கொடுமைதான், வேறு சொல் இல்லை. ஆனால் வரிசையாகக் கோடு போட்டு ஆளுக்கொரு சின்ன மனையைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு தலைமுறையில் அந்த மனைகள் மீது செங்கல் வீடு, மாடி, கடை, பள்ளி, கோயில், மசூதி எல்லாம் எழுந்தன. குடியிருந்தவர் தம் சம்பாத்தியத்தில் அறை அறையாகக் கட்டிக்கொண்டது. ஜோக்கின் 1974இல் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பிறகு ஆப்பிரிக்கா வரை போனது. 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018இல் காலமானார்.

1981 ஜூலையில் முதலமைச்சர் அந்துலே நடைபாதைவாசிகளை அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப் போவதாக அறிவித்தார். கொட்டும் மழையில் பேருந்தில் ஏற்றவும் செய்தார்கள். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது இதிலிருந்து எழுந்ததுதான். அதன் மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. நிலமில்லாத விவசாயக் கூலி. மழை பொய்த்து 1961இல் பம்பாய் வந்தவர். தஹிசரில் ரசாயன ஆலையில் தினக்கூலி. நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் கூரைக்கு ஒரு பேட்டை ரவுடிக்குப் பணம் கொடுத்தவர். மேற்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டிய காமராஜ் நகர் குடியிருப்பும் வழக்கில் வருகிறது. 1985 ஜூலை 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிழைப்புக்கான உரிமை உயிருக்கான உரிமையில் அடக்கம் என்றது. அதே தீர்ப்பு, முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. மழை முடியட்டும், அக்டோபர் 31 வரை பொறுங்கள் என்பதே நடைபாதைக்காரருக்கு நேரடியாகக் கிடைத்த பலன். போட்டோ பாஸ் வைத்திருப்பவருக்கு மாற்று இடம் என்று அரசு கொடுத்த வாக்குறுதியையும் நீதிமன்றம் பதிவு செய்துகொண்டது.

அதே ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் நூற்றாண்டுக்கு வந்த ராஜீவ் காந்தி பம்பாய்க்கு நூறு கோடி ரூபாய் அறிவித்தார். தாராவிக்கு அதில் 37 கோடி. உடனே ஒரு சண்டை வந்தது. தாராவியில் எத்தனை குடும்பம்? அரசு ஐம்பத்தையாயிரம் என்றது. ஜோக்கினின் ஆட்கள் சந்து சந்தாக எண்ணி எண்பத்தாறாயிரம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் முப்பதாயிரம் அடுப்புகள். திட்டமிடுபவர் பார்வையில் தாராவியின் நெருக்கடிக்குத் தீர்வு ஒரு பகுதி மக்களை வெளியே அனுப்புவது. எண்ணிக்கை கூடினால் வெளியே போவோரும் கூடுவர். எண்ணுவது யார் என்பது கட்டுவது யார் என்பதைவிட முக்கியம் என்று தாராவிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஆரவாரமில்லாமல் நடந்த இன்னொரு வேலையைப் பற்றிப் பேசுபவர் குறைவு. 1985இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் மாநில வீட்டுவசதி ஆணையமான மாடா, சார்கோப்பிலும் கோராயிலும் நிலத்தை மேடுபடுத்தி, தண்ணீர், சாக்கடை, சாலை போட்டு, சிறு மனைகளாகப் பிரித்தது. பெரிய சாலையை ஒட்டிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, உள்ளே உள்ள சிறு மனைகளைக் குறைந்த வருமானக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுத்தது. சென்னையில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் இதே முறையில், இதற்கும் முன்பே உருவானவை. அங்கே குடியிருப்போர் தாங்கள் ஒரு ‘குறைந்த விலை வீட்டுத் திட்ட’த்தில் இருப்பதையே மறந்திருப்பார்கள். அதே கடனில், அரசு நிலத்திலிருந்த குடிசைப் பகுதிகளைக் கூட்டுறவுச் சங்கமாக்கி முப்பதாண்டுக் குத்தகை எழுதிக் கொடுக்கும் திட்டமும் இருந்தது. மாட்டுங்காவுக்குக் கிடைத்ததைப் பல பத்தாண்டு தாமதமாகக் குடிசைக்கும் கொடுக்கப் பார்த்தார்கள். 1990களில் கடன் முடிந்தது, திட்டமும் முடிந்தது. இதைக் கைவிட்டதுதான் இந்த நகரம் வீட்டு விஷயத்தில் செய்த பெரிய தவறு என்பது என் கணிப்பு. திறப்பு விழா நடத்தக் கட்டடம் எதுவும் இல்லாத திட்டத்துக்கு அரசியலில் ஆதரவு கிடைக்காது.

விதியை எழுதி நிலம் பெறும் வழி ஒன்றும் 1991இல் இருந்தது. மூடிய பஞ்சாலை நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளி, ஒரு பங்கு மாடாவுக்கு வீடு கட்ட, ஒரு பங்கு முதலாளிக்கு. 2001இல் அதே விதியில் ஒரு திருத்தம்: பங்கு பிரிப்பது கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும். ஆலைகளில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? பரேலில் இன்று நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களுக்குக் கீழே போய்ச்சேர்ந்தது மாடாவின் பங்கு. 2006இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது.

நிலத்தைக் கொடுக்கும் யோசனை போய்ச் சதுர அடியைக் கொடுக்கும் யோசனை வந்தது இதற்கிடையில்தான். 1995 தேர்தலில் நாற்பது லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று சிவசேனா முழங்கியது. அரசு அமைத்த அப்சல்புர்க்கர் குழு வழி சொன்னது. ஆண்டு இறுதியில் குடிசை மறுவாழ்வு ஆணையம், அதாவது எஸ்.ஆர்.ஏ., பிறந்தது. அரசு ஒரு பைசா போட வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. அப்போதைய விதிப்படி, குடிசைக்காரரில் எழுபது விழுக்காட்டினர் சம்மதித்தால் பில்டர் வருவார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 225 சதுர அடி இலவசம். அதற்கு ஈடாக அவர் சந்தையில் விற்கக் கூடுதல் கட்டடப் பரப்பு: தீவு நகரத்தில் நூறு சதுர அடிக்கு 75, புறநகரில் 100, தாராவி போன்ற கடினமான இடத்தில் 133. அங்கேயே கட்ட இடமில்லை என்றால் அந்த உரிமையைச் சான்றிதழாக்கி வேறிடத்தில் விற்கலாம். ரிசர்வ் வங்கி நோட்டு அடிப்பது மாதிரி, மாநகராட்சி சதுர அடி அடித்தது.

நோட்டுக்கு மதிப்பு இருக்கிற பேட்டையில் பில்டர் ஓடி வந்தார். இல்லாத இடத்தில் வரவில்லை. நாற்பது லட்சம் பேருக்கு எட்டு லட்சம் வீடு என்ற வாக்கில், இருபதாண்டு கழிந்த பின்னும் மூன்றில் ஒரு பங்குகூட எழவில்லை. குடிசை இடிந்து, கட்டடம் எழாமல், டிரான்சிட் கேம்பில் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமான குடும்பங்கள் தாராவியைச் சுற்றி ஏராளம்.

எழுந்த கட்டடத்தின் கதையும் நேரானதல்ல. தாராவித் தமிழரில் ஒரு பகுதியினருக்கு இட்லி பிழைப்பு. விடியுமுன்னே மாவு தயார், ஆவி பறக்கும் கொப்பரை, கூடை கட்டிய சைக்கிள், ஏழு மணிக்குள் நகரத்தின் மூலை முடுக்கெல்லாம். தரைமட்டத்தில் ஒரே அறையில் கிரைண்டர், அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், படுக்கை எல்லாம் அடங்கும், வாசலே தொழிற்கூடம். ஏழாவது மாடியில் 225 சதுர அடி கிடைத்தவருக்கு வீடு கிடைத்தது, தொழில் போனது. லிப்டுக்கும் மோட்டாருக்கும் மாதச் செலவு வரும். அதற்கென்று வீட்டுக்கு இருபதாயிரம் ரூபாய் வைப்புத்தொகையைப் பில்டர் கட்ட வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. அதன் வட்டி லிப்டை எத்தனை நாள் ஓட்டும் என்பதை அந்தக் கட்டடங்களில் குடியிருப்பவரைக் கேட்க வேண்டும். ஜோக்கினின் கூட்டமைப்பும் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பும் பில்டர் இல்லாமல் தாராவியில் கட்டிய ராஜீவ் இந்திரா சங்கத்தில் அறையின் உயரத்தைப் பதினான்கு அடியாக்கி உள்ளேயே ஒரு பரண் தளம் வைத்தார்கள். கீழே வேலை, மேலே படுக்கை. குடிசைக்காரர் கேட்டு வாங்கிய வரைபடம் அது.

செம்பூரை ஒட்டிய மாஹுல் இந்தக் கணக்கின் கடைசி வரி. சதுர அடி உரிமைக்கு ஈடாகப் பில்டர்கள் கட்டி மாநகராட்சியிடம் கொடுத்த 72 கட்டடங்கள், 17,205 வீடுகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில். நிலம் அங்கேதான் மலிவு. தான்சா தண்ணீர்க் குழாயோரக் குடிசைகளை இடித்து, அந்த மக்களை 2017இலிருந்து அங்கே அனுப்பினார்கள். அந்தப் பகுதிக் காற்று உடலுக்குக் கேடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே சொல்லியிருந்தது. இருமலும் தோல்நோயுமாக வீதிக்கு வந்து போராடினார்கள். 2019 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், யாரையும் அங்கே போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, மாற்று வீடு கிடைக்கும்வரை குடும்பத்துக்கு மாதம் பதினைந்தாயிரம் வாடகை கொடுங்கள் என்றது. வீடு கட்டித் தயாராக இருந்தும் வீடில்லாதவர் போக மறுத்த வகையில் 1920களின் வொர்லிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இப்போது இதே கணக்கு தாராவி முழுவதற்கும் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. அதானிக்கு 80 விழுக்காடும் மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்குள்ள நிறுவனம் அறுநூறு ஏக்கர் பகுதியைப் புதுப்பிக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததாகக் காட்ட முடிந்தவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். 2011க்குள் வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. அதற்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவருக்கு வாடகைத் தவணை வீடு, அதுவும் வெளியே. மாடியில் குடியிருப்பவர் எந்த ஆண்டு வந்திருந்தாலும் இந்தக் கடைசி வரிசைதான். வெளியே என்று சொல்லப்படும் இடங்களில் முலுண்டின் உப்பளமும், செம்பூருக்கு அடுத்த தேவ்னார் குப்பைமேடும் உண்டு.

மாடி என்ற ஒரு சொல்லை நின்று கவனிக்க வேண்டும். தாராவியில் மாடி வந்ததே பக்கவாட்டில் இடமில்லாததால். அப்பா கீழே இருந்தார். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் இரும்பு ஏணி வைத்துத் தகரம் போட்டு மேலே ஓர் அறை எழுப்பினார்கள். மகன் கேஸ் கார்டும் கரண்ட் பில்லும் தன் பெயரில் வாங்கியிருப்பான். அவன் பிள்ளை தொண்ணூறு அடிச் சாலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும். விதிப்படி அப்பாவுக்குத் தாராவி, மகனுக்கு முலுண்டோ தேவ்னாரோ. வீடு வீடாக எண் எழுதிக் கணக்கெடுக்க ஆள் வந்தபோது சில சந்துகளில் கதவைத் திறக்கவில்லை. அதைத் திட்டத்துக்கு எதிர்ப்பு என்று எழுதினார்கள். திறந்து காட்டினால் ஒரே வீடு இரண்டாகப் பதிவாகும் என்று சந்துக்குள் பேசிக்கொண்டார்கள்.

(தொடரும்)